வகுத்தலை விளங்கிக் கொள்வோம்

கூட்டல், கழித்தல், பெருக்கல் ஆகிய மூன்றையும் மகிழ்ச்சியோடு செய்யும் மாணவரும் வகுத்தல் என்றதும் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவதை நாம் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறோம். பெற்றோரும், "நாங்கள் அதிகம் படிக்காதவர்கள், வகுத்தல் எல்லாம் எங்களுக்கு எங்கே தெரியும்?" என்று ஒதுங்கிக் கொள்கின்றனர். இவ்விரு அச்சங்களும் தேவையற்றவை என்று காட்டவே இக்கட்டுரையை எழுதலானோம். மாணவச் செல்வங்கள் தாளும் எழுதுகோலும் கையில் வைத்துக்கொண்டு படித்தல் நன்று. பெற்றோர்க்கு அவையும் வேண்டா. நாள்தோறும் செய்யும் வேலையை நினைவில் கொண்டாலே போதும்.

சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒன்றை முதலில் கூறிவிடுகிறோம். நான்காம் ஆண்டில் பயிலும் மாணவன் ஒருவனின் தந்தையார் ஒரு நாள் பள்ளி முடியும் வேளையில் நம் அறைக்கு வந்தார். அவர் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர். அவரும் வேறு மூவரும் கூடிப் புல் வெட்டும் குத்தகை வேலை ஒன்றை எடுத்து முடித்திருந்தனர். கூலியாக 832 வெள்ளி கிடைத்தது. பணம் அவர் கையில்தான் கொடுக்கப்பட்டது. பையன் படிக்கிறானே, அவனே பங்கு போட்டுச் சொல்லட்டும் என்று பெருமையோடு மகனிடம் கேட்டிருக்கிறார். மகனும் கோடு போட்டு, அழகாகக் கணக்கைச் செய்து, ஆளுக்கு 28 வெள்ளி என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

"கணக்கு சரியாத்தான் இருக்குன்னு அடிச்சுச் சொல்றான் சார். ஆளுக்கு இருபத்தெட்டுன்னா மிச்சப் பணமெல்லாம் எங்க சார் போச்சு?" என்று கேட்டுத் தாளை நம் முன் நீட்டினார். மற்ற மூவரும் வெளியே மோட்டார் சைக்கிள்களில் அமர்ந்து காத்திருந்தனர். பணத்தைப் பெற்றுக்கொண்டு பங்கிட்டுத் தருபவர்க்கு நாணயம் பெரிது. ஒரு வெள்ளி முன்பின் ஆனாலும் நாளைக்கு ஒரு சொல் வந்துவிடும். அந்தக் கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

தாளைப் பார்த்தோம். 8இல் 4 இரண்டு முறை போகும், 2 எழுதியிருந்தான். அடுத்த 3ஐ இறக்கியிருந்தான். 3இல் 4 போகாது. ஆகவே 2ஐயும் இறக்கி 32 ஆக்கினான். 32இல் 4 எட்டு முறை போகும், 8 எழுதினான். விடை 28. பெருக்கலிலும் கழித்தலிலும் ஒரு பிழையும் இல்லை. நடுவே வரவேண்டிய ஒரு சுழியம் மட்டும் விடுபட்டிருந்தது. அந்தச் சுழியத்தின் விலை ஆளுக்கு 180 வெள்ளி.

"நீங்கள் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று தந்தையாரைக் கேட்டோம். "எண்ணூற நாலாப் பிரிச்சா எரநூறு. மேல முப்பத்திரண்டு இருக்கு, அதுல ஆளுக்கு எட்டு. எரநூத்தி எட்டு சார்" என்றார், தாளைப் பாராமலே. மூன்று ஆண்டுகளே பள்ளிக்குச் சென்றவர் அவர். அவர் மகனோ வகுத்தலில் பத்துக்கு எட்டு, ஒன்பது என வாங்குபவன். தந்தைக்கு வகுத்தல் தெரியும். மகனுக்கு வகுத்தல் செய்யும் முறை மட்டுமே தெரியும். குற்றம் மகனுடையது அன்று. 'வகு, பெருக்கு, கழி, இறக்கு' என்று பாட்டுப் போலச் சொல்லிக் கொடுத்துவிட்டு, என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லிக் கொடுக்காத நம்முடையதே.

இனிப் பாடத்திற்கு வருவோம்.

நம் மொழியில் கணக்குச் சொற்கள் வெறுங்குறிகள் அல்ல, பொருள் உணர்த்துவன. வகுத்தல் என்றால் பிரித்து அமைத்தல். மாணவர் அமரும் வகுப்பும் இச்சொல்லின் வழி வந்ததே. பிரிக்கப்படும் எண் வகுபடும் எண். பிரிக்கும் எண் வகுக்கும் எண். விடையை ஈவு என்கிறோம். ஈதல் என்றால் கொடுத்தல் அன்றோ? ஆளுக்கு எவ்வளவு கொடுத்தோமோ அது ஈவு. கொடுத்தது போக மிஞ்சி நிற்பது மீதி. 832 ÷ 4 = 208 என்னும் கணித வாக்கியத்தில் 832 வகுபடும் எண், 4 வகுக்கும் எண், 208 ஈவு; மீதி இல்லை. இடையில் உள்ள ÷ என்னும் குறி, சுவிட்சர்லாந்து நாட்டுக் கணித அறிஞர் யோகான் ஹைன்ரிக் ரான் 1659ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வகுத்தலுக்காக அச்சேறியது. குறி பிற்காலத்தது, பங்கு போடுதல் மனிதன் கூடி வாழத் தொடங்கிய நாள் முதலே உண்டு.

ஆனால் பங்கு போடுதல் மட்டுமே வகுத்தலா? நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாள்களில், விரிவுரையாளர் ஒருவர் கரும்பலகையில் 12 ÷ 3 என்று எழுதி, இதற்கு ஒரு கதை சொல்லுங்கள் என்றார். பன்னிரண்டு மிட்டாய்களை மூன்று பிள்ளைகளுக்குப் பங்கிட்டார் ஒருவர். பன்னிரண்டு மாம்பழங்களை மூவர்க்குக் கொடுத்தார் இன்னொருவர். வகுப்பே அவ்வாறு பங்கிட்டுக் கொண்டிருந்தது. இறுதியில் அவர், "பன்னிரண்டு மாம்பழங்களை மும்மூன்றாகக் கூறு கட்டினால் எத்தனை கூறு என்று ஒருவரும் கேட்கவில்லையே" என்றார். எமக்கு அது இன்றளவும் மறவாத பாடம்.

இரண்டிலும் விடை 4 தான். ஆயினும் கேள்வி வேறு. முதற் கதையில் எத்தனை பேர் என்பது தெரியும். ஆளுக்கு எத்தனை என்பது தெரியாது. இரண்டாம் கதையில் கூறுக்கு எத்தனை என்பது தெரியும். எத்தனை கூறு என்பது தெரியாது. முன்னதைப் பங்கிடுதல் என்றும், பின்னதைக் கூறுகட்டுதல் என்றும் அழைப்போம். சந்தையில் வெங்காயத்தையும் மிளகாயையும் கூறு கட்டி விற்பாரைப் பாராதவர் உண்டோ? அவர் செய்வதும் வகுத்தலே.

இவ்வேறுபாட்டை ஏன் இத்துணை வலியுறுத்துகிறோம் எனில், பின்னாளில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். ஆறாம் ஆண்டு மாணவரிடம் 6 ÷ ½ எவ்வளவு என்று கேட்டால், பலர் தயங்காது 3 என்பர். வகுத்தால் எண் குறையும் என்பது அவர்கள் மனத்தில் ஊன்றிவிட்டது. அரை ஆளுக்குப் பங்கு போட முடியாதாகையால் பங்கிடும் கதை இங்கே உதவாது. கூறுகட்டும் கதையைச் சொல்லிப் பாருங்கள். பள்ளிச் சந்தைக்காக 6 கிலோ பருப்பை அரைக் கிலோப் பொட்டலங்களாகக் கட்டினால் எத்தனை பொட்டலம்? எந்தத் தாயும் பன்னிரண்டு என்று உடனே சொல்லிவிடுவார். வகுத்தும் எண் பெருகிவிட்டது!

பின்னங்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. நம் முன்னோர் ஒன்றைக் கூறு போடுவதில் வல்லவர்கள். ஒன்றை இருபதாக வகுத்தால் ஒரு பங்கு 'மா'. மாவை நான்காக வகுத்தால் 'காணி'. காணியை மேலும் நான்காக வகுத்தால் 'முந்திரி'. அது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. அரைக்கால், மாகாணி என்னும் சொற்களை உங்கள் பாட்டனார் பாட்டியார் அறிந்திருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். அரைக்கால் எட்டில் ஒன்று. மாகாணி பதினாறில் ஒன்று.

இப்போது விடுபட்ட சுழியத்தைத் தேடுவோம். அன்று அந்த மாணவனையும் அழைத்து, மேசையின் மீது கணக்கை அவன் தந்தையாரின் பணத்தைக் கொண்டே செய்து காட்டினோம். 832 வெள்ளியை எட்டு நூறு வெள்ளி நோட்டுகளாகவும், மூன்று பத்து வெள்ளி நோட்டுகளாகவும், இரண்டு ஒரு வெள்ளி நோட்டுகளாகவும் பிரித்து வைத்தோம். முதலில் பெரிய நோட்டுகள். எட்டு நூறு வெள்ளி நோட்டுகள், நான்கு பேர், ஆளுக்கு இரண்டு. ஆகவே நூறின் இடத்தில் 2. அடுத்துப் பத்து வெள்ளி நோட்டுகள். மூன்றுதான் உள்ளன, ஆட்களோ நால்வர். மூன்று நோட்டை நால்வர்க்கு எவ்வாறு கொடுப்பாய் என்று கேட்டோம். "கொடுக்க முடியாது சார்" என்றான். அப்படியானால் ஆளுக்கு எத்தனை பத்து வெள்ளி நோட்டு கிடைத்தது? சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "ஒன்றும் இல்லை" என்றான். அந்த 'ஒன்றும் இல்லை' என்பதை எங்கே எழுதினாய்? தாளைப் பார்த்தான்; எங்கும் இல்லை.

பத்தின் இடத்தில் 0 எழுதச் சொன்னோம். கொடுக்க முடியாத மூன்று பத்து வெள்ளி நோட்டுகளை என்ன செய்வது? அவன் தந்தையாரே, "சில்லறை மாத்தணும்" என்றார். அலுவலகத்தில் முப்பது ஒரு வெள்ளி நோட்டுகளாக மாற்றினோம். முன்பே இருந்த இரண்டையும் சேர்த்தால் முப்பத்திரண்டு. ஆளுக்கு எட்டு. ஒன்றின் இடத்தில் 8. ஈவு 208.

மாணவர்களே, 'இறக்கு' என்று நாம் சொல்லிக் கொடுக்கும் படி இந்தச் சில்லறை மாற்றுதலே அன்றி வேறன்று. கொடுக்க முடியாத பத்துகளை ஒன்றுகளாக மாற்றி, இருக்கும் ஒன்றுகளோடு சேர்க்கிறோம். கூட்டலையும் கழித்தலையும் பெருக்கலையும் வலப்பக்கத்திலிருந்து தொடங்கும் நாம், வகுத்தலை மட்டும் இடப்பக்கத்திலிருந்து தொடங்குவதன் காரணமும் இதுவே. பெரிய நோட்டை முதலில் கொடுத்து, கொடுக்க இயலாததை மாற்றிக்கொண்டு சிறிய நோட்டுக்கு வருவது எளிது. சிறியதில் தொடங்கினால், பின்னர் பெரிய நோட்டுகளை மாற்றும்போது கொடுத்து முடித்த சிறியவற்றை மீண்டும் பங்கிட நேரும். ஐயமுள்ளோர் ஒரு முறை செய்து பார்க்கலாம்.

கணக்கைத் தொடங்கும் முன்பே விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று மதிப்பிடுதலை அத்தந்தையிடமிருந்தே நாம் கற்றோம் எனலாம். 800ஐ நான்காகப் பிரித்தால் 200. ஆகவே விடை 200க்குக் குறையாது. 28 வந்தால் எங்கோ தவறு. இதற்கு முன்பும் மதிப்பிடுதலை நாம் கற்பித்ததுண்டு. ஆனால் பாடநூலில் வரும் ஒரு பக்கமாகக் கற்பித்தோம். இப்போது நான்காம் ஆண்டு மாணவர்கள் ஒவ்வொரு வகுத்தல் கணக்குக்கும் மேலே மதிப்பை எழுதிய பின்பே கோடு போட வேண்டும் என்று விதித்திருக்கிறோம். முதலில் முணுமுணுத்தனர்.

மீதியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். முதலாவது, மீதி எப்போதும் வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாக இருத்தல் வேண்டும். 23 ÷ 5 என்பதற்கு 'ஈவு 3, மீதி 8' என்று எழுதும் மாணவர் உளர். கையில் இன்னும் எட்டு இருக்கிறது, ஆட்களோ ஐவர்; இன்னொரு சுற்றுக் கொடுக்கலாமே! கொடுத்தால் ஈவு 4, மீதி 3. இனிக் கொடுக்க இயலாது, அங்கே நிறுத்துகிறோம்.

அந்த மீதியை என்ன செய்வது என்பதைக் கணக்கு சொல்வதில்லை, வாழ்க்கைதான் சொல்லும். தோட்டத்திலேயே பார்ப்போம். ஒரு ஹெக்டேரில் 136 செம்பனை மரங்கள் நட்டிருப்பதாகக் கொள்வோம். இது வழக்கத்தில் உள்ள ஓர் அளவே. மரத்திற்கு 2 கிலோ உரம் என்றால் 272 கிலோ வேண்டும். உரம் 50 கிலோ மூட்டைகளாக வருகிறது. 272 ÷ 50. ஈவு 5, மீதி 22. அப்படியானால் ஐந்து மூட்டை கொண்டு சென்றால் போதுமா? போதாது, பதினொரு மரங்கள் உரமின்றி நிற்கும். ஆறு மூட்டைகள் வேண்டும். இங்கே மீதி, ஈவை ஒன்று கூட்டுகிறது. விளையாட்டுப் போட்டிக்கு 31 மாணவர்களை அழைத்துச் செல்லப் பன்னிருவர் அமரும் வேன்கள் எத்தனை வேண்டும் என்பதும் இத்தகையதே. ஈவு 2, மீதி 7 என்று விடையெழுதி அந்த எழுவரையும் பள்ளி வாயிலில் விட்டுச் செல்ல முடியுமோ?

அதே மூட்டையைக் கொண்டு வேறொரு கேள்வி. மரத்திற்கு 3 கிலோ போட்டால் ஒரு மூட்டை முழுமையாக எத்தனை மரங்களுக்கு வரும்? 50 ÷ 3. ஈவு 16, மீதி 2. விடை பதினாறு மரங்கள். மீதி 2 கிலோ அடுத்த மரத்திற்குப் போதாது. இங்கே மீதியை ஒதுக்கி வைக்கிறோம்.

பணமாயின் மீதியை மேலும் வகுக்கலாம். 10 வெள்ளியை மூன்று பிள்ளைகளுக்குச் சமமாகக் கொடுங்கள். ஆளுக்கு 3 வெள்ளி போக 1 வெள்ளி மீதி. அதை 100 சென்னாக மாற்றினால் ஆளுக்கு 33 சென், மீதி 1 சென். முன்பு அந்த ஒரு சென்னையும் கண்ணால் காணலாம். நம் நாட்டில் 2008ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரிப்படுத்தும் முறை வந்துவிட்டது. ஆகவே தாளில் 3 வெள்ளி 33 சென் என்று எழுதும் நாம், கையில் இருவர்க்கு 3 வெள்ளி 35 சென்னும் ஒருவர்க்கு 3 வெள்ளி 30 சென்னும்தான் கொடுக்க இயலும். யார்க்குக் குறையக் கொடுப்பது என்பதில் வகுத்தல் உதவாது. அது தாயின் தீர்ப்புக்கு உரியது.

ஈவை விட்டுவிட்டு மீதியை மட்டும் கேட்கும் கணக்கும் உண்டு. இன்று புதன்கிழமை, நூறாவது நாள் என்ன கிழமை? 100 ÷ 7. ஈவு 14, மீதி 2. பதினான்கு வாரங்கள் முழுமையாகச் சுற்றி வந்துவிட்டன. அவற்றால் கிழமை மாறாது. புதனிலிருந்து இரண்டு நாள் எண்ணினால் வெள்ளி. நம் இளமையில் தந்தையார் பால்மரம் வெட்டியபோது ஒன்றுவிட்டு ஒரு நாளாக இரண்டு நிரைகளை மாற்றி மாற்றி வெட்டுவார். எந்த நாளில் எந்த நிரை என்பதை விரல்விட்டு எண்ணிக் கூறுவார். இரண்டால் வகுத்து மீதி பார்ப்பதே அது என்று அவர்க்கும் தெரியாது, நமக்கும் அன்று தெரியாது. மழை பெய்தால்தான் கணக்கு கெட்டுவிடும்.

விடை சரியா என்று எவரையும் கேட்க வேண்டியதில்லை. ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டினால் வகுபடும் எண் திரும்ப வரவேண்டும். 16 × 3 = 48; 48 + 2 = 50. சரி. 28 × 4 = 112; 832 எங்கே, 112 எங்கே! இதனால்தான் பெருக்கல் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். 7 × 8 = 56 என்பதை அறிந்தவன் 56 ÷ 7, 56 ÷ 8 ஆகிய இரண்டையும் அறிந்தவனாவான். பொருள் விளங்கினால் போதும், வாய்ப்பாடு வேண்டா என்று இந்நாளில் கூறுவோர் உளர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. பொருளும் வேண்டும், வாய்ப்பாடும் வேண்டும்.

சுழியத்தால் வகுத்தல் பற்றி ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். 12 மாம்பழங்களை, கூறுக்கு ஒன்றும் இல்லாமல் கூறு கட்டினால் எத்தனை கூறு? கட்டிக்கொண்டே இருக்கலாம், மாம்பழம் ஒன்றுகூடக் குறையாது. பெருக்கிச் சரி பார்க்கவும் வழியில்லை. எந்த எண்ணைச் சுழியத்தால் பெருக்கினாலும் 12 வாராது. ஆகவே சுழியத்தால் வகுத்தலுக்கு விடை இல்லை. கி.பி. 628இல் பிரம்மகுப்தர் சுழியத்தைக் கொண்டு கணக்கிடும் விதிகளை எழுதியபோது, சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தால் சுழியம் என்றார். அத்துணைப் பெரிய அறிஞர் கூறியதையும் இன்றைய கணிதம் ஏற்கவில்லை. ஆகவே மாணவர்கள் இவ்விடத்தில் தயங்குவதில் வெட்கமில்லை.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் புளியங்கொட்டையோ அவரை விதையோ ஒரு கிண்ணத்தில் வைத்திருங்கள். நாம் படித்த காலத்தில் ரப்பர் கொட்டைகளே நமக்குக் கணக்குக் கருவி. பிள்ளை 17 விதைகளை ஐவர்க்குப் பங்கிடட்டும். பின்பு அதே 17 விதைகளை ஐந்தைந்தாகக் கூறு கட்டட்டும். ஒரே விடை ஏன் வருகிறது என்று கேளுங்கள். கூலிச் சீட்டையும் கடைச் சீட்டையும் மறைக்காமல் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். பிள்ளை தவறான விடை சொன்னால் திட்டாமல், "மிச்சம் எங்கே போச்சு?" என்று மட்டும் கேளுங்கள்.

மாணவர்கள் விடுமுறையில் செய்து பார்க்கச் சில கணக்குகள். 618 வெள்ளியை அறுவர்க்குப் பங்கிடுக; விடையை முன்னரே மதிப்பிட்டு எழுதுக. 4 கிலோ மாவைக் கால் கிலோப் பொட்டலங்களாகக் கட்டினால் எத்தனை பொட்டலம் வரும்? இன்று என்ன கிழமையோ, அதிலிருந்து 200ஆவது நாள் என்ன கிழமை?

கடைசிக் கணக்கு சற்றுக் கடினமானது. 21 ÷ 4 என்னும் ஒரே கணித வாக்கியத்திற்கு நான்கு கதைகள் எழுதுக. முதற் கதைக்கு விடை 5 ஆகவும், இரண்டாவதற்கு 6 ஆகவும், மூன்றாவதற்கு 5 வெள்ளி 25 சென்னாகவும், நான்காவதற்கு 1 ஆகவும் அமைதல் வேண்டும். எழுதியோர் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியர் அறைக்குத் தாளோடு வரலாம். 832 வெள்ளிக் கணக்கைச் செய்த மாணவன் மூன்று கதைகளை எழுதிக் கொடுத்துவிட்டான். நான்காவதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.